ஆறு வாரத்தில் செய்த ஆட்டம் இணையத்துக்குப் போக எத்தனை மாதம்?

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில் ஆடுபுலி ஆட்டத்தைச் செல்பேசிச் செயலியாகச் செய்திருக்கிறோம். ஒரே செல்பேசியில் இருவர் மாறி மாறி ஆடலாம். ஆறு வாரத்தில் முடித்துவிட்டோம். வெவ்வேறு ஊரில் இருப்பவர்களும் இணையத்தின் வழியாக ஆடும்படி மாற்றி, மூன்று மாதம் கழித்து வரும் பொங்கலன்று வெளியிட எண்ணுகிறோம். ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் செய்துதருவதாகச் சொல்கிறது. இந்தத் துறையில் இருக்கும் சீனியர் ஒருவரோ மூன்று ஆண்டாவது ஆகும் என்கிறார். இரண்டு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்ன என் தாய்மாமா, என்றைக்கு முடியும் என்று தேதி கேட்கிறார். ஆன்லைன் விளையாட்டு ஒன்றை உருவாக்கவும் சோதிக்கவும் உண்மையில் எவ்வளவு காலம் ஆகும்? பின்னர் பணப் பரிசுப் போட்டிகளும் நடத்தலாமா?
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்ப்போம். பொங்கலுக்குள் முடியாது. நீங்கள் மூவரும் இப்போதைய வேகத்திலேயே தொடர்ந்தால் இன்றிலிருந்து ஒன்பதரை மாதம் ஆகும். அதாவது ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியிடலாம். பணப் பரிசுப் போட்டி கூடவே கூடாது. அதைக் கடைசியில் விளக்குகிறேன்.

ஒன்பதரை மாதம் என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர் ஒருவர் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினாலே பெரிது. மூவருக்கும் சேர்த்து முப்பது மணி. தீபாவளி, உறவினர் கல்யாணம், காய்ச்சல், அலுவலகத்தில் திடீரென்று வந்து விழும் வேலை ஆகியவற்றைக் கழித்தால் இருபத்து நான்கு மணி நேரம்தான் கையில் நிற்கும். ஆட்டத்தை நடத்தும் சர்வர் (இரு செல்பேசிகளுக்கும் நடுவில் இருக்கும் பொதுக் கணினி), ஆட்டக்காரர் இருவரைச் சேர்த்துவைக்கும் அறை, முறை மாற்றும் ஒழுங்கு ஆகியவற்றுக்கு 250 மணி நேரம், உள்நுழைவு, நண்பரை அழைத்தல் போன்றவற்றுக்கு 120, இணைப்பு அறுந்து மறுபடி சேர்வதற்கு மட்டும் 150, திரைகள், ஒலி, புதியவருக்குக் கற்றுத்தரும் பகுதி ஆகியவற்றுக்கு 150, சோதனைக் கருவிகள் எழுத 120, வெளியார் ஆடிப் பார்த்துச் சொல்லும் குறைகளைத் திருத்த 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 990 மணி நேரம் ஆகிறது. அதை இருபத்து நான்கால் வகுத்தால் 41 வாரம். இது என் அனுபவத்தில் போட்ட மதிப்பீடு. ஏதோ ஒரு தலைப்பில் ஐம்பது மணி நேரம் கூடலாம், இன்னொன்றில் குறையலாம். ஆனால் எந்தத் தலைப்பையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது என்பதைக் கவனியுங்கள்.

ஆறு வாரத்தில் நீங்கள் முடித்தது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறு வாரத்தை அளவுகோலாக வைத்து மிச்சத்தை அளப்பதில்தான் சிக்கல் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பது ஆட்ட விதி. 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரை ஆடு நகரக் கூடாது. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். புலிகள் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் வெற்றி. இவ்வளவும் ஒரே செல்பேசியின் நினைவகத்துக்குள் நடக்கிறது. அங்கே எதுவும் தொலையாது, எதுவும் தாமதமாக வராது, ஒரே பலகையை இருவரும் ஒரே கண்ணாடியில் பார்க்கிறார்கள்.

விதியைச் சோதிப்பதும் எளிது. அதை மனிதர் செய்யத் தேவையில்லை. மூன்று புலிகளை 23 புள்ளிகளில் 1,771 விதமாக வைக்கலாம். மீதமுள்ள இருபது புள்ளிகளில் பதினைந்து ஆடுகளை 15,504 விதமாக வைக்கலாம். இரண்டையும் பெருக்கினால், எல்லா ஆடுகளும் பலகையில் இருக்கும் நிலைகள் மட்டுமே 2 கோடியே 74 லட்சத்துக்கு மேல் வரும். நீங்கள் மூவரும் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து ஆடினாலும் அதில் ஒரு மூலையைக்கூடத் தொட மாட்டீர்கள். ஆனால் சின்ன நிரல் ஒன்றை எழுதி, ஒவ்வொரு நிலையிலும் புலி போகக்கூடாத இடத்துக்குப் போகிறதா, அடைபட்ட புலியை அடைபட்டதாக உங்கள் நிரல் உணர்கிறதா என்று கேட்டால், சாதாரண மடிக்கணினியே ஒரு தேநீர் இடைவேளைக்குள் சொல்லிவிடும். இதை இன்னும் செய்யவில்லை என்றால் சர்வரில் கை வைக்குமுன் செய்துவிடுங்கள். கூடவே ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. முடிவே வராமல் இருவரும் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதற்குத் திண்ணையில் விதி கிடையாது, அங்கே யாராவது அலுத்துப்போய் எழுந்துவிடுவார்கள். சர்வர் எழுந்து போகாது. ஆகவே அதற்கு ஒரு விதியை நீங்கள்தான் வகுத்துத் தர வேண்டும்.

இனி இணையத்துக்கு வருவோம். திருமங்கலத்தில் பேருந்தில் போகும் ஒருவர் புலியை நகர்த்தி ஓர் ஆட்டை வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகர்வு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்வரும் பலகையை மாற்றிவிட்டு, வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்புகிறது. அதற்குள் பேருந்து சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்விட்டதால் பதில் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. சிக்னல் திரும்பியதும், பதில் கிடைக்காத செல்பேசி அதே நகர்வை மறுபடியும் அனுப்புகிறது. இப்போது சர்வர் என்ன செய்ய வேண்டும்? இது உன் முறை இல்லை என்று தள்ளிவிட்டால், செல்பேசித் திரையில் ஆடு உயிரோடு இருக்கும், சர்வர் கணக்கில் செத்திருக்கும். அதன் பிறகு இரு பலகைகளும் ஒத்துப்போகா. தள்ளாமல் ஏற்றுக்கொண்டால், இடையில் எதிராளி ஆடி முறை திரும்ப வந்திருக்கும் பட்சத்தில், ஆட்டக்காரர் கேட்காத இரண்டாவது நகர்வு ஒன்று நடந்துவிடலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் வரிசை எண் கொடுத்து, ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் பலகையைத் தொடாமல் பழைய பதிலையே திரும்ப அனுப்புவது இதற்குத் தீர்வு. சொல்லும்போது இரண்டு வரிதான். இதைச் சரியாக எழுதி, எந்தக் கணத்தில் இணைப்பு அறுந்தாலும் பலகை பிசகவில்லை என்று உறுதிசெய்வதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும்.

இதைப் போன்ற சங்கதிகள் இன்னும் இருக்கின்றன. ஆட்டக்காரர் வீட்டு வைஃபையிலிருந்து வாசலுக்கு வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அவருடைய இணைய முகவரியே மாறிவிடுகிறது. சர்வருக்கு அவர் வேறு ஆளாகத் தெரிவார். எதிராளி நெடுநேரம் யோசிக்கும்போது இருபக்கமும் எதுவும் அனுப்பாமல் இருந்தால், நடுவில் இருக்கும் மொபைல் நிறுவனத்தின் கருவி அந்த இணைப்பைச் சத்தமில்லாமல் மூடிவிடக்கூடும். இருவரும் இணைப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் செயலி பின்னால் தள்ளப்படும். நினைவகம் குறைந்த செல்பேசியில் ஆண்ட்ராய்டு அதை மொத்தமாகவே நிறுத்திவிடும். அழைப்பு முடிந்து திரும்பி வருகிறவருக்கு அதே பலகை, அதே முறை, சரியான மிச்ச நேரத்தோடு தெரிய வேண்டும். அந்த மிச்ச நேரத்தைச் செல்பேசியின் கடிகாரத்தை நம்பிக் கணக்கிடாதீர்கள். கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டு நிதானமாக யோசிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே வந்துவிடுவார்கள். நேரம், முறை, வெட்டு, வெற்றி ஆகிய எல்லாவற்றையும் சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும்; செல்பேசி, ஆட்டக்காரர் விரும்பியதைக் கேட்டு அனுப்பும் கருவி மட்டுமே. இப்போது உங்கள் செயலியில் விதிகள் எல்லாம் செல்பேசிக்குள் இருப்பதால், அவற்றை அங்கிருந்து பெயர்த்து சர்வருக்குக் கொண்டுபோவதே 250 மணி நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கும்.

அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் டேட்டாவை அணைத்துவிடுவது இவர்களின் வழக்கம். உண்மையிலேயே சிக்னல் போனவரையும், வேண்டுமென்றே அணைத்தவரையும் சர்வரால் பிரித்தறிய முடியாது. இருவரும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். ஆகவே யார் போனாலும் அறுபது நொடி காத்திருப்பது, அதற்குள் வராவிட்டால் எதிராளிக்கு வெற்றி தருவது என்று ஒரே விதியாக வையுங்கள். நியாயமாக ஆடிய சிலர் இதனால் தோற்பார்கள், கோபமாக விமர்சனமும் எழுதுவார்கள். அதைத் தவிர்க்க நினைத்து நுட்பமான விதிகளைச் சேர்க்கப் போனால் மேலும் இரண்டு மாதம் செலவாகுமே தவிர, அழுகுணிகள் குறைய மாட்டார்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இது முறை வைத்து ஆடும் ஆட்டம் என்பதால் தாமதம் உங்களைக் கொல்லாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் என்பதால், செய்தி ஒன்று போய்த் திரும்பக் குறைந்தது 29 மில்லிநொடி ஆகும், நடைமுறையில் அதைவிடக் கூடும். ஆட்டை எங்கே வைப்பது என்று அரை நிமிடம் யோசிக்கிறவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. துப்பாக்கிச் சண்டை ஆட்டமாக இருந்தால் கதை வேறு. வாலரன்ட் ஆட்டத்தின் சர்வர் நொடிக்கு 128 முறை உலகைப் புதுப்பிக்கிறது, அதாவது ஏறத்தாழ எட்டு மில்லிநொடிக்கு ஒரு முறை. அங்கே யார் முதலில் சுட்டார் என்பதைத் தீர்மானிக்கும் வேலைக்கே தனிக்குழு தேவைப்படும். உங்கள் சீனியர் சொன்ன மூன்று ஆண்டு அந்த வகை ஆட்டங்களுக்கும், பெரிய உலகங்களைக் கொண்ட ஆட்டங்களுக்கும் பொருந்தும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2001 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு 2004 நவம்பரில்தான் வெளிவந்தது. அறிவிக்குமுன் செய்த வேலை அந்தக் கணக்கில் இல்லை.

மூன்று மாதம் என்று சொல்லும் நிறுவனமும் பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் பகுதி இரண்டு மாதத்தில் செய்யப்பட்டு 2017 செப்டம்பரில் வெளிவந்ததை இத்துறையில் அடிக்கடி எடுத்துச்சொல்வார்கள். ஆனால் ஃபோர்ட்நைட் என்ற ஆட்டம் 2011 டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு மாதம், ஐந்தரை ஆண்டுக்கு மேல் போட்ட அஸ்திவாரத்தின்மேல் எழுப்பிய ஒரு மாடி. உங்களிடம் பேசிய நிறுவனமும் ஏற்கெனவே லூடோவுக்கோ கேரத்துக்கோ எழுதிவைத்த சர்வரில் உங்கள் பலகையைப் பொருத்தித் தரப்போகிறது என்பதே என் ஊகம். அதில் தவறு இல்லை. ஆனால் கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள்: மூல நிரல் யாருக்குச் சொந்தம், வெளியிட்ட பிறகு சர்வரை யார் பார்த்துக்கொள்வார்கள், ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் ஏற்கெனவே செய்த செயலி ஒன்றில் உங்கள் கண்முன் காட்டுவார்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

சோதனை என்பதை எல்லாம் முடிந்த பிறகு கடைசி இரண்டு வாரத்தில் செய்யும் வேலையாக உங்கள் கடிதம் நினைப்பதாகத் தோன்றுகிறது. நான் அப்படி நினைத்துத்தான் பட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வினாடி வினா ஆட்டம் ஒன்று செய்தோம். அலுவலகத்தில் நாற்பது பேர் ஒன்றாக ஆடிப் பார்த்து, பிரமாதம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். வெளியிட்ட மாலை, ஆயிரம் பேரை ஒட்டிய எண்ணிக்கையைத் தொட்டதும் புதிதாக ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நினைவகம் மிச்சம் இருந்தது. கணக்குப் போடும் சி.பி.யூ. அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இரவு எங்கள் நிரலை வரிவரியாகத் துழாவினோம். எங்கள் சர்வரை இயக்கிய லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு இணைப்பும் திறந்த கோப்பு ஒன்றாகக் கணக்கிடப்படும் என்பதும், ஒரு நிரல் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளுக்கு அந்த சர்வரில் வழக்கமான வரம்பாகிய 1,024 அப்படியே விடப்பட்டிருந்தது என்பதும் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மாற்ற வேண்டியிருந்தது அமைப்புக் கோப்பில் ஒரு வரி. ஆயிரத்து ஐந்நூறு போலி ஆட்டக்காரர்களை இயக்கும் நிரலை முன்பே எழுதியிருந்தால், அதற்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த மாலை வந்துவிட்டு ஏமாந்து போனவர்களில் பெரும்பாலானோர் பிறகு திரும்பவே இல்லை.

ஆகவே நான் குறிப்பிட்ட 120 மணி நேரத்தில் முதலில் எழுத வேண்டியது அந்தப் போலி ஆட்டக்காரர் நிரல்தான். அது சர்வரோடு இணைந்து, விதிப்படி ஏதோ ஒரு காயை நகர்த்தி, ஆட்டத்தை முடித்து, மறுபடி தொடங்க வேண்டும். சர்வரின் முதல் வடிவம் பிறந்த வாரத்திலேயே இதுவும் பிறக்கட்டும். அதற்கு வேண்டுமென்றே கெட்ட பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள்: நடுவில் இணைப்பை அறுப்பது, ஒரே நகர்வை இரண்டு முறை அனுப்புவது, தன் முறை வராதபோது ஆடுவது, பழைய பதிப்பின் மொழியில் பேசுவது. ஆயிரம் போலிகளை மூன்று நாள் தொடர்ந்து ஓடவிட்டு, சர்வரின் நினைவகப் பயன்பாடு மெல்ல ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். முடிந்த ஆட்டங்களை நினைவகத்திலிருந்து நீக்க மறந்திருந்தால் அது ஒரு மணி நேரச் சோதனையில் தெரியாது, மூன்றாம் நாள் காலையில்தான் தெரியும். ஆயிரம் ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரை நிறுத்திப் புதிய பதிப்பை ஏற்றிப் பாருங்கள். வெளியிட்ட பிறகு இதை மாதம் இரண்டு முறையாவது செய்யப்போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஆடிக்கொண்டிருப்பவர்களின் பலகையைக் கலைத்துக்கொண்டிருக்க முடியாது.

எவ்வளவு சுமைக்குச் சோதிப்பது என்று கேட்பீர்கள். 2016 ஜூலையில் போகிமான் கோ வெளிவந்தபோது எதிர்பார்த்த அளவைப் போல ஐந்து மடங்கு கூட்டத்தை மிக மோசமான நிலையாகக் கணக்கிட்டுவைத்திருந்தார்கள். வந்தது ஐம்பது மடங்கு என்று அதன் சர்வர்களுக்கு இடம்கொடுத்த கூகுள் கிளவுட் பின்னர் எழுதியது. இதைப் படித்துவிட்டு நீங்களும் லட்சம் பேருக்கு ஏற்பாடு செய்யக் கிளம்ப வேண்டாம். உங்களுக்கு வரப்போகும் தொல்லை பெரும்பாலும் நேர்மாறானது: செயலியைத் திறக்கிறவருக்கு எதிராக ஆட அந்த நேரத்தில் ஒருவருமே இருக்க மாட்டார்கள். அமாங் அஸ் 2018 ஜூனில் வெளிவந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டு பெரிதாகக் கவனிக்கப்படாமல் இருந்து, 2020-இல்தான் உலகம் முழுவதும் பரவியது. அதைச் செய்த குழுவில் அப்போது இருந்தது மூன்றே பேர். கூட்டம் வந்த பிறகு, அறிவித்திருந்த இரண்டாம் பாகத்தைக் கைவிட்டு, முதல் ஆட்டத்தின் அடிப்படையைச் சீர்செய்வதில் இறங்கினார்கள். உங்களுக்கு இரண்டாயிரம் பேர் வரை தாங்கும் சர்வரும், இருபது நொடிக்குள் எதிராளி கிடைக்காவிட்டால் கணினியோடு ஆடத்தரும் வசதியும், வாட்ஸாப்பில் நண்பரை அழைக்கும் இணைப்பும் இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும்.

போலி ஆட்டக்காரர்களால் கண்டுபிடிக்க முடியாதவை மனிதர்களிடம்தான் வெளிப்படும். 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஹக்கார் என்ற எதிரி பரப்பும் தொற்று ஒன்றை, அந்த ஒரு நிலவறைக்குள் மட்டுமே இருக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். ஆனால் வேட்டைக்காரர் வேடத்தில் ஆடியவர்கள் வளர்த்த விலங்குகள் தொற்றோடு திருப்பி அனுப்பப்பட்டு, நகரத்துக்கு வந்ததும் மறுபடி அழைக்கப்பட்டபோது, தொற்றும் கூடவே வந்து நகரங்களில் பரவியது. வலிமை குறைந்த ஆட்டக்காரர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் பின்னர் இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள். தொற்றையும் விலங்கையும் தனித்தனியாகச் சோதித்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை தோன்றியிருக்க வழியில்லை. உங்கள் பலகை சிறியது என்றாலும், அழைப்பு வந்த அதே கணத்தில் எதிராளி சமநிலை கேட்பது, இரண்டு செல்பேசிகளில் ஒரே கணக்கில் நுழைந்து தன்னோடு தானே ஆடுவது போன்ற சேர்க்கைகளை வெளியாட்கள்தான் காட்டித் தருவார்கள்.

இதற்கு நாள்காட்டியிலும் இடம் வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் பிளேயில் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) சேர்ந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. முதலில் 20 பேராக இருந்ததை 2024 டிசம்பரில் குறைத்தார்கள். அந்தப் பதினான்கு நாள் கழிந்த பிறகுதான் வெளியிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவே முடியும். நீங்கள் இன்றே நிரலை முடித்திருந்தாலும் ஒரு மாதம் இதில் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு பேராக உங்கள் கல்லூரி நண்பர்களைச் சேர்க்காதீர்கள். அவர்களிடம் நல்ல செல்பேசி இருக்கும், தவறு நடந்தால் தாங்களே காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்வார்கள். சின்ன வயதில் தரையில் கோடு கிழித்து ஆடிய பெரியவர்கள் நான்கைந்து பேரைப் பிடியுங்கள். விதியில் நீங்கள் செய்த பிழையைக் கணினிச் சோதனை காட்டாது, ஏனெனில் அதற்கு விதியைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். எங்கள் ஊரில் இப்படி வெட்ட மாட்டோமே என்று சொல்ல ஆள் வேண்டும்.

தமிழில் செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சோதனை இருக்கிறது. ஆட்டங்களை உருவாக்க உதவும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைத் திரையில் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட் மெஷ் ப்ரோ என்ற கருவி, தமிழ் போன்ற எழுத்துகளைத் தானாக ஒழுங்குபடுத்துவதில்லை. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பின்னால் போய் நிற்கும். நீங்கள் எழுதிய திரைகளைப் படமாக வைத்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் ஆட்டக்காரர் தன் பெயரைத் தமிழில் தட்டெழுதியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். யூனிட்டியைப் போன்ற இன்னொரு மென்பொருளான கோடோவின் நான்காம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. எதில் செய்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யூனிட்டி என்றால் இதற்கென இரண்டு வாரத்தைத் திரைகளுக்கான 150 மணி நேரத்துக்குள் ஒதுக்குங்கள்.

பணப் பரிசைப் பற்றி: ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ஆட்டக்காரர் பணம் கட்டி, வென்றால் பணம் பெறலாம் என்று ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவதை அது தடைசெய்கிறது. திறமையால் வெல்லும் ஆட்டமா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு அங்கே செல்லாது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுபுலி ஆட்டம் மூளையால் ஆடுவதுதானே என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வசதியையும் முதல் பதிப்பில் வைக்காதீர்கள். பிள்ளைகள் ஆடுவார்கள்; 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்று கொண்டு, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெறச் சொல்கிறது. எவ்வளவு குறைவாகத் தரவு வாங்குகிறீர்களோ அவ்வளவு குறைவாகச் சிக்கல் வரும். பெயர் ஒன்று போதும், தொலைபேசி எண்ணும் இருப்பிடமும் இந்த ஆட்டத்துக்கு எதற்கு?

கடைசியாக உங்கள் மாமா. அவருக்கு ஒரு தேதி சொல்லாதீர்கள், இரண்டு சொல்லுங்கள். வெளியீடு ஆடிப்பெருக்கை ஒட்டி என்பது ஒன்று. மற்றது பொங்கல். பன்னிரண்டு வாரத்தில் உங்கள் மூவரிடமும் 288 மணி நேரம் இருக்கிறது. சர்வருக்கும் அறைக்கும் நான் ஒதுக்கிய 250 அதற்குள் அடங்கும். உள்நுழைவு இல்லாமல், ஒலி இல்லாமல், பார்க்க அசிங்கமாக இருந்தாலும், பொங்கலன்று அவர் தம் ஊரிலும் நீங்கள் உங்கள் ஊரிலும் இருந்துகொண்டு ஓர் ஆட்டத்தைத் தொடங்கி முடிக்க வேண்டும் என்று இலக்கு வையுங்கள். அது நடக்கவில்லை என்றால் ஆடிப்பெருக்கும் நடக்காது. அதை அன்றே அவரிடம் சொல்லிவிடலாம். அவர் தரும் பணத்தில் பெரும்பகுதியை இப்போது வாங்காதீர்கள். இந்தக் கட்டத்தில் உங்களுக்கு வேண்டியது மாதச் சர்வர் வாடகையும், வெவ்வேறு நிறுவனங்களின் பழைய செல்பேசிகள் நான்கும், அவற்றில் ஒன்றிரண்டாவது 2 ஜிபி நினைவகம் கொண்டவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொங்கலன்று மாமா புலியாக ஆடட்டும். ஆட்டம் சூடுபிடித்ததும் உங்கள் நண்பரில் ஒருவரை விட்டு அவருடைய எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் நலம் விசாரித்துவிட்டு வைத்த பிறகு, புலி விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று அவரைக் கேளுங்கள்.